பிறர் உடுத்தும் பட்டு

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் வைகாசி பிரம்மோற்சவத்தின் மூன்றாம் நாள் கருட சேவை. பொழுது புலரும் முன்பே பெருமாள் கருடன்மேல் எழுந்தருளிக் கோபுர வாசலுக்கு வருவார். இரவெல்லாம் பேருந்திலும் ரயிலிலும் வந்து சேர்ந்த கூட்டம் கைகளைத் தலைமேல் குவித்து அண்ணாந்து நிற்கும். சரியாக அந்த நேரத்தில் குடைகளைச் சாய்த்துச் சில நொடிகள் பெருமாளை மறைத்துவிடுவார்கள். ஆண்டுதோறும் வேண்டுமென்றே செய்வது இது. சோளிங்கரில் வாழ்ந்த தொட்டையாச்சாரியார் வருடம் தவறாமல் இந்தச் சேவைக்கு வருபவர். ஓர் ஆண்டு அவரால் வர இயலவில்லை. அங்கேயே தக்கான் குளக்கரையில் அவர் உருகி நிற்க, காஞ்சிக் கோபுர வாசலில் இருந்த பெருமாள் ஒரு கணம் இங்கே மறைந்து அங்கே அவருக்குக் காட்சி தந்தார் என்பது வைணவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. அதன் நினைவாகத்தான் இந்த மறைப்பு. இதற்குத் தொட்டையாச்சாரியார் சேவை என்றே பெயர். கண்முன் இருந்த காட்சி மறையும் அந்த நொடியில் கூட்டம் முகம் சுளிப்பதில்லை; வரதா என்ற குரல் இன்னும் ஓங்குகிறது. எங்கோ இருந்த ஒருவருக்குக் கிடைத்தது என்பதற்காக, இங்கே அந்த நொடியை இழந்தவர்கள் மகிழ்கிறார்கள்.

திரைப்படம் தரும் மகிழ்ச்சி உண்மையானதா என்ற கேள்வியைத் தொடங்க இந்தக் கோபுர வாசலைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. கேள்வி சின்னதாகத் தெரியலாம். ஆனால் இரண்டரை மணி நேரம் இருட்டில் உட்கார்ந்து, இல்லாத ஒருவரின் திருமணத்துக்கு மனம் நிறைந்து, பிறக்காத ஒரு குழந்தையின் சிரிப்புக்குச் சேர்ந்து சிரித்துவிட்டு வெளியே வருகிறோமே, அதற்குள் நடந்தது என்ன? அந்த நிறைவு நம்மை ஏமாற்றியதா, அல்லது நாம் அன்றாடத்தில் எட்டாத ஒன்றை எட்டினோமா? இதை ரசனை பற்றிய பேச்சாக மட்டும் ஒதுக்கிவிட முடியாது. எது உண்மையான ஆனந்தம் என்று இந்த மண்ணில் சமயங்கள் ஆயிரம் ஆண்டுகளாக வாதாடி வந்திருக்கின்றன. அந்த வாதத்தில் நாடகத்துக்கும் கூத்துக்கும் எப்போதும் ஓர் இடம் இருந்தது. சினிமா அந்த இடத்தில்தான் இன்று உட்கார்ந்திருக்கிறது.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை எண்ணுகிறது. நகையில் தொடங்கி உவகையில் முடிகிறது. இரண்டும் ஒன்றாகத் தோன்றினாலும், தொல்காப்பியர் ஒன்றை முதலிலும் மற்றதைக் கடைசியிலும் நிறுத்தியிருக்கிறார். நகை பிறக்கும் இடங்களாக அவர் சொல்பவை எள்ளல், இளமை, பேதைமை, மடன். உவகை பிறக்கும் இடங்கள் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு. அதுவும் துன்பம் நீங்கியதாக இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையையும் சேர்க்கிறார். சிரிக்க வைப்பதும் மகிழ வைப்பதும் வேறுவேறு வேலைகள் என்பதை நம் திரைப்படங்கள் அடிக்கடி மறந்துவிடுகின்றன. காஞ்சியிலேயே இதற்குப் பழைய சான்று உண்டு. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவர் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் காஞ்சித் தெருக்களில் நடக்கும் கேலி நாடகம். குடிமயக்கத்தில் தன் கபாலத்தைத் தொலைத்த காபாலிகன் ஒருவன், அதைத் திருடியதாக ஒரு பௌத்தத் துறவிமீது பழி சுமத்துகிறான். வழக்கு வளர்ந்துகொண்டே போகிறது. கடைசியில் ஒரு பைத்தியக்காரன், நாயிடமிருந்து பிடுங்கிய கபாலத்தோடு வந்து சேர்கிறான். வழக்கு நீளும்வரை நமக்கு நகை. கபாலம் கிடைத்து, திருடன் என்று சொல்லப்பட்டவர்மேல் இருந்த பழி நீங்கும்போது மனத்தில் வேறொன்று இறங்குகிறது. அது உவகை. அரசன் ஒருவன் ஏறக்குறைய பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே இரண்டையும் ஒரே நாடகத்தில் அடுத்தடுத்து வைத்துக் காட்டியிருக்கிறான்.

ஆனால் தொல்காப்பியரின் நான்கு காரணங்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. செல்வமும் புலனின்பமும் கூடலும் விளையாட்டும் அனுபவிப்பவனுக்கே சொந்தமானவை. பார்ப்பவனுக்கு அவற்றில் எதுவும் கிடைப்பதில்லை. திரையில் பெண்ணுக்குத் தாலி கட்டுகிறார்கள். மண்டபத்தில் சாப்பிட நம்மை யாரும் அழைப்பதில்லை. அப்படியிருந்தும் மகிழ்கிறோம் என்றால் அது எந்தக் கணக்கில் சேரும்? காஷ்மீரத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அபிநவகுப்தர் பரதரின் நாட்டிய சாத்திரத்துக்கு எழுதிய உரையில் இதற்குத்தான் விடை தேடினார். அரங்கில் காணும் உணர்வு என்னுடையது என்றும் இல்லை, என் பகைவனுடையது என்றும் இல்லை. உடைமையின் முத்திரை உதிர்ந்து பொதுவாகிவிடுகிறது. அந்தப் பொதுமையில்தான் சுவை பிறக்கிறது என்றார். பௌத்தம் இதே இடத்துக்கு வேறு வழியாக வந்தது. மைத்ரி, கருணை, முதிதை, உபேட்சை என்று அது சொல்லும் நான்கு மனநிலைகளில் மூன்றாவதான முதிதை, பிறர் நன்மை கண்டு பொங்கும் மகிழ்ச்சி. தமிழில் இதன் எதிர்ப்பதத்துக்குக் கச்சிதமான சொல் இருக்கிறது: பொறாமை, பொறுக்க முடியாமை. பிறர் ஆக்கத்தைப் பொறுக்க முடியாதவனுக்கு வள்ளுவர் ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். பொறுப்பதற்கும் ஒருபடி மேலே போய் அதில் மகிழ்வதற்கு அன்றாடப் பேச்சில் தனிச் சொல் இல்லை. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு வேலை கிடைத்ததைக் கேட்டு நமக்கு நெஞ்சு குளிர்ந்தால், வயிறு நிறைந்தது என்று எதையோ சொல்லிச் சமாளிக்கிறோம்.

என் வாதம் இதுதான்: திரைப்படம் தரும் உண்மையான மகிழ்ச்சி முதிதை. நமக்குச் சொந்தமாக முடியாத நன்மையைக் கண்டு மகிழும் பழக்கத்தை, மற்ற எந்தக் கலையையும்விட எளிதாக, எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கும் அது கொடுக்க முடிகிறது. அப்படிக் கொடுக்காமல் நமக்குச் சொந்தமாகும் என்று ஆசை காட்டும் படம் தருவது கிளர்ச்சி. அதை மகிழ்ச்சி என்று தவறாக எண்ணிக்கொள்கிறோம்.

திரை என்ற சொல்லையே பாருங்கள். கோயிலில் அலங்காரம் நடக்கும்போது சந்நிதியில் திரை போட்டிருக்கும். தீபாராதனைக்கு அது விலகும். காஞ்சி வட்டாரத்துத் தெருக்கூத்தில் வேடதாரி நேராக ஓடிவந்து நின்றுவிட மாட்டார். இருவர் ஒரு துணியைப் பிடித்துக்கொள்ள, அதற்குப் பின்னால் நின்று திரை விருத்தம் பாடுவார். கிரீடத்தின் நுனி மட்டும் துணிக்கு மேலே தெரியும். சலங்கை ஒலி மட்டும் கீழே கேட்கும். கட்டியங்காரன் வருவது யாரென்று கேட்க, பதில் சொல்லிப் பாடி முடித்தபின் துணி விலகும். இந்த இரண்டு திரைகளும் விலகுவதற்காக இருப்பவை. சினிமாத் திரை விலகாது. அதன்மேலேயே காட்சி விழுகிறது. மாயை என்று சினிமாவைக் கண்டிப்பவர்களுக்கு இது நல்ல வாதம். மெய்ப்பொருளைக் காண வடலூர் சத்திய ஞான சபையில் ஏழு திரைகளை நீக்க வைத்தார் வள்ளலார். நாமோ திரையையே பொருள் என்று நினைத்து உட்கார்ந்திருக்கிறோம் என்பார்கள். நான் அதை வேறு விதமாகப் பார்க்கிறேன். விலகாத திரை ஓர் உண்மையை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது: இதோ காண்கிறாயே, இதை நீ தொட முடியாது. தொட முடியாததை விரும்பி ஏங்கலாம். அல்லது தொடாமலே மகிழலாம். நல்ல படம் நம்மை இரண்டாவது வழிக்குக் கொண்டுபோகிறது.

காஞ்சிபுரத்தின் பெயரையே தலைப்பாகக் கொண்ட படத்தில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். பிரியதர்ஷன் இயக்கிய ‘காஞ்சிவரம்’ 2008-இல் டொரண்டோ திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு அடுத்த ஆண்டு திரையரங்குகளுக்கு வந்தது. 2007-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த படம் என்ற விருது அதற்கும், சிறந்த நடிகர் என்ற விருது பிரகாஷ் ராஜுக்கும் கிடைத்தன. துயரக் கதை. மகிழ்ச்சியைப் பற்றிய கட்டுரையில் இந்தப் படம் எதற்கு என்று கேட்பீர்கள். மகிழ்ச்சி இன்னதென்று இவ்வளவு துல்லியமாகக் காட்டிய தமிழ்ப்படம் குறைவு என்பதால்தான்.

வேங்கடம் நெசவாளி. நாடு விடுதலை பெறுவதற்கு முந்தைய காலம். வாழ்நாளெல்லாம் பட்டு நெய்கிறவன் வீட்டில் பட்டு கிடையாது. மகள் பிறந்தபோது, இவளைப் பட்டுச் சேலை உடுத்தித்தான் மணமுடித்துக் கொடுப்பேன் என்று ஊரார் முன்னிலையில் வாக்குக் கொடுத்துவிடுகிறான். முதலாளி வீட்டுத் தறியிலிருந்து வாய்க்குள் ஒளித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டு நூலைக் கொண்டுவந்து, யாருக்கும் தெரியாமல் இரவில் நெய்கிறான். ஆண்டுக்கணக்கில் நடக்கிறது இந்த நெசவு. பிரகாஷ் ராஜின் முகத்தை அந்தக் காட்சிகளில் கவனிக்க வேண்டும். வாயிலிருந்து எடுத்த நூலை விரலில் நீவுகிறபோது அந்த முகத்தில் திருடனின் பதற்றமும் இருக்கிறது, குழந்தைக்குச் சோறு பிசைந்து வைத்திருக்கும் தகப்பனின் நிறைவும் இருக்கிறது. படம் முழுக்க அவன் சிரிக்கும் மற்ற இடங்களைவிட இந்தச் சிரிக்காத இடங்களில்தான் மகிழ்ச்சி இருக்கிறது. தனக்காக அவன் ஒன்றும் நெய்துகொள்ளவில்லை.

அவன் நெய்யும் பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். காஞ்சிப் பட்டின் தனிச்சிறப்பு கோர்வை. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைகளுக்கு இரண்டு நாடாக்கள், ஆக மூன்று. தறிக்குழியில் கால் வைத்து அமர்ந்திருக்கும் நெசவாளி உடல் நாடாவையும் தன் பக்கத்துக் கரை நாடாவையும் தள்ள, எதிர்ப்பக்கக் கரையின் நாடாவைத் தள்ள இன்னொருவர் வேண்டும். ஒவ்வோர் ஊடையிலும் கரையின் இழையும் உடலின் இழையும் ஒன்றையொன்று கொக்கிபோல் பற்றிக்கொள்ளும். அந்தச் சேர்க்கையில்தான் தாழம்பூ ரேக்கின் கூர்முனைகள் எழும்புகின்றன. சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்று காஞ்சியில் பெருமையாகச் சொல்வார்கள். இரண்டு நிறங்களையும் கலக்காமல், இரண்டையும் பிரியாமல் நிறுத்தும் வேலை இது. ‘காஞ்சிவரம்’ மகிழ்ச்சியையும் துயரத்தையும் நெய்திருப்பது இப்படித்தான். வேங்கடத்தின் நிறைவில் குற்றம் கலந்து மங்கலாவதில்லை. குற்றத்தை நிறைவு வெளுத்துவிடுவதும் இல்லை. தொழிலாளர்களைத் திரட்டி வேலைநிறுத்தத்துக்கு அழைத்தவனே, மகளின் திருமணம் நெருங்கியதும் நூல் வேண்டும் என்பதற்காக அதை முறிக்கிறான். தொல்காப்பியர் கேட்ட நிபந்தனை அங்கே உடைகிறது. பிறரின் அல்லலின்மேல் ஏறி நின்ற மகிழ்ச்சி உவகையாகாது என்று படம் வாய்திறந்து சொல்லவில்லை. அந்தச் சேலையை முடிக்க விடாமல் செய்து காட்டிவிட்டது. கிணற்றில் விழுந்து உடல் முடங்கிப்போன மகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், நூல் திருட்டில் பிடிபட்டு அடைபட்ட சிறையிலிருந்து வந்த தகப்பனே அவளுக்கு விஷம் கலந்த சோற்றை ஊட்டுகிறான். அரைகுறையாக நின்ற பட்டை அவள் உடல்மேல் போர்த்துகிறான். முகத்தை மூடினால் கால் தெரிகிறது. காலை மூடினால் முகம் தெரிகிறது. கடைசியில் அவன் முகத்தில் எழும் சிரிப்போடு படம் உறைந்து நின்றுவிடுகிறது.

அந்த நேரத்தில் பார்ப்பவர் மனத்தில் எழும் ஏக்கம் கவனிக்கத்தக்கது. அந்தச் சேலை முழுதாக இருந்திருக்கக் கூடாதா என்றுதான் மனம் துடிக்கிறது. பட்டு உடுத்துகிற நடுத்தர வர்க்கத்துப் பார்வையாளர், பட்டு நெய்கிறவன் மகளுக்குப் பட்டு கிடைக்க வேண்டும் என்று தன் முழு நெஞ்சால் விரும்பும் நொடி அது. வாழ்க்கையில் எத்தனை முறை அப்படி விரும்பியிருப்போம்? கடையில் விலை குறைத்துக் கேட்கும்போது விரும்புவதில்லை. முதிதை எப்படிப்பட்டது என்பதை அது மறுக்கப்படும் இடத்தில் வைத்து இந்தப் படம் உணர்த்திவிடுகிறது. கரை இல்லாத சேலையைப் பார்த்தால்தான் கரை எதற்கு என்று புரிகிறது.

இனி மறுப்புகள். அவற்றில் மிகப் பழையதும் மிகக் கடுமையானதும் புத்தர் சொன்னது. பாலி மொழிச் சங்யுத்த நிகாயத்தில் தாலபுடன் என்ற கூத்தர் தலைவன் அவரிடம் வருகிறான். அரங்கில் மக்களைச் சிரிக்க வைத்து மகிழ்விக்கும் நடிகன் இறந்தபின் சிரிக்கும் தேவர்களோடு பிறப்பான் என்று எங்கள் முன்னோர் சொல்லி வந்தார்கள், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கிறான். கேட்காதே என்று இருமுறை மறுக்கிறார் புத்தர். மூன்றாம் முறையும் கேட்டதால் சொல்கிறார்: ஏற்கெனவே ஆசையிலும் வெறுப்பிலும் மயக்கத்திலும் கட்டுண்ட மக்களுக்கு அவற்றையே இன்னும் கூட்டிக் கொடுப்பவன் தானும் மயங்கிப் பிறரையும் மயக்குகிறான், அவன் போகுமிடம் நரகம். தாலபுடன் அழுதான். இந்தப் பதிலுக்காக அழவில்லை, இத்தனை காலம் முன்னோர் சொல்லை நம்பி ஏமாந்தேனே என்று அழுகிறேன் என்றான். பிறகு துறவியானான். மணிமேகலை அறவண அடிகளிடம் அறம் கேட்டது காஞ்சியில் என்கிறது காப்பியம். பௌத்தம் வேரூன்றியிருந்த இந்த ஊரில் இந்தக் கதை சொல்லப்பட்டிருக்கும் என்று எண்ண இடமுண்டு. இந்த மறுப்பை லேசாகத் தள்ளிவிட முடியாது. நம் திரையில் பாதிக்குமேல் இதற்கு நேரடிச் சான்றுகள். வாங்கத் தூண்டும் படம், அடிக்கத் தூண்டும் படம், என் நடிகன் உன் நடிகனை வென்றான் என்று கொக்கரிக்க வைக்கும் படம் எல்லாம் தாலபுடன் கணக்கில் சேரும்.

ஆனால் புத்தர் சொன்னதை உற்றுப் பார்த்தால் அவர் ஓர் அளவுகோலையும் கொடுத்திருப்பது தெரியும். ஆசை, வெறுப்பு, மயக்கம் இவற்றைக் கூட்டுகிறதா என்பதே அவர் குற்றச்சாட்டின் அடிப்படை. இவற்றைக் குறைக்கும் கூத்து ஒன்று இருக்குமானால்? காஞ்சியின் தூப்புலில் 1268-இல் பிறந்த வேதாந்த தேசிகர் அதற்கு விடை எழுதினார் என்றே சொல்ல வேண்டும். வைணவ சித்தாந்தத்தை நிலைநாட்ட எத்தனையோ நூல்களை எழுதிய அந்த ஆசாரியர், சங்கல்ப சூரியோதயம் என்று பத்து அங்கங்கள் கொண்ட நாடகத்தையும் எழுதினார். விவேகம் அரசன், மகாமோகம் அவன் பகைவன். ஆன்மா விடுதலை பெறுவதே கதை. அதன் தலைமைச் சுவை சாந்தம். சுவைகள் எட்டே, சாந்தம் அரங்குக்கு ஒவ்வாது என்று வாதிட்டவர்களை எதிர்த்து அவர் அதை நாடகத்துக்கு நாயகமாக்கினார். மயக்கும் என்று அஞ்சி அவர் அரங்கை விட்டு ஓடவில்லை. மயக்கம் தெளிவதையே அரங்கில் காட்டலாம் என்று துணிந்தார். கூத்து என்பது கத்தி போன்றது என்ற பொதுப் பேச்சை நான் இங்கே சொல்ல வரவில்லை. பொருளாசையைத் தூண்டாமலும் மகிழ்ச்சி பிறக்கும் என்று ஒரு வேதாந்தி நம்பினார், அதற்காகப் பத்து அங்கம் உழைத்தார் என்பதைச் சொல்கிறேன்.

இரண்டாவது மறுப்பு மேற்கிலிருந்து வருகிறது. கார்த்தேஜ் நகரில் இளமையில் நாடகம் பார்த்துக் கண்ணீர் விட்டதை நினைத்துப் பிற்காலத்தில் வருந்திய அகஸ்டின், அரங்கில் நம்மை உதவிக்கு யாரும் கூப்பிடுவதில்லை, துயரப்படுவதற்கு மட்டுமே கூப்பிடுகிறார்கள் என்றார். முதிதைக்கும் இது பொருந்தும். இல்லாதவர்களின் நன்மையில் மகிழ்வது செலவில்லாத காரியம். ‘காஞ்சிவரம்’ பார்த்துக் கலங்கியவர் மறுநாள் பட்டுக் கடையில் பேரம் பேசாமல் விட்டாரா? விட்டிருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு படம் ஒரு கூலியையும் உயர்த்தாது. கூலியை உயர்த்த வேண்டியது சங்கமும் சட்டமும் வாங்குகிறவரின் கைகளும். ஆனால் அகஸ்டின் கேட்பது செயலை. இங்கே பேசுவது செயலுக்கு முந்தைய கண்ணை. யாருடைய மகிழ்ச்சி நம் கண்ணுக்கே தெரியாமல் இருந்ததோ அவருக்காக யாரும் எதுவும் செய்யப் போவதில்லை. நெசவாளியைத் தறிக்குப் பின்னால் நிற்கும் கையாக மட்டும் அறிந்திருந்தவர், அவனுக்கும் மகளுக்கு உடுத்திப் பார்க்கும் ஆசை உண்டு என்று கண்டுகொண்டால் அது சிறியதில்லை.

மூன்றாவது மறுப்பு என்னை அதிகம் யோசிக்க வைத்தது. பிறர் உடுத்துவதைக் கண்டு மகிழ் என்றால், அதைத்தானே நெசவாளியிடம் காலங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள்? அம்மனுக்குச் சாத்தும் பட்டை நீ நெய்தாயே, மகராசிகள் உடுத்தும் சேலை உன் கைவேலைதானே, அதுவே உனக்குப் பெருமை என்று சொல்லிக் கூலியைக் குறைத்தவர்கள் உண்டு. முதிதை அப்போது சுரண்டலுக்குப் போட்ட ஜரிகைக் கரையாகிவிடும். இந்த மறுப்பு சரி, முழுக்கச் சரி. அதனால்தான் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: முதிதை என்பது வசதி இருப்பவர் தாமே பயில வேண்டியது, இல்லாதவரிடம் அதைக் கேட்க யாருக்கும் உரிமையில்லை. கோபுர வாசலில் குடை சாயும்போது தம் காட்சியை விட்டுக்கொடுப்பவர்கள் காட்சி பெற்றவர்கள். வர முடியாதவரிடம் போய், பிறர் கண்டார்கள் என்று மகிழ்ந்துகொள் என்று யாரும் சொல்லவில்லை. பெருமாளே அவரைத் தேடிப் போனார். வேங்கடம் தன் மகளுக்குப் பட்டு கேட்டது நியாயம். அவன் அதைப் பிறர் வயிற்றில் அடித்துத் தேடியதுதான் பிழை.

சினிமாவும் இதை அறியாமல் இல்லை. காஞ்சிபுரத்தில் 1909-இல் நெசவாளர் குலத்தில் பிறந்த அண்ணாவுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. அவர் கதை வசனம் எழுதி 1949-இல் வெளிவந்த ‘நல்லதம்பி’யில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் நாயகன். பிராங்க் காப்ரா 1936-இல் எடுத்த ஒரு ஹாலிவுட் படத்தைத் தழுவியது. எதிர்பாராமல் பெருஞ்சொத்து வந்து சேர்ந்த ஒருவன் அதை ஊருக்குப் பயன்படுத்த முனைகிறான். நகைச்சுவை நடிகராகவே அறியப்பட்ட கலைவாணரை நாயகனாக நிறுத்தியதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நகையில் தேர்ந்தவரை உவகைக்குக் கொண்டுவந்தார்கள். சொத்து கிடைத்ததில் வரும் சந்தோஷத்தை அந்தப் படம் பெரிதாக்கவில்லை. அது யாருக்கெல்லாம் போய்ச் சேர்கிறது என்பதில்தான் அதன் மனம் இருக்கிறது. பிரச்சாரம் தூக்கலான படம் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனாலும் கொடுப்பவன் முகத்தை இவ்வளவு உற்சாகமாகக் காட்டிய படங்கள் நம்மிடம் அதிகம் இல்லை.

அண்மைக் காலத்தில் மணிகண்டன் இயக்கி 2015-இல் திரைக்கு வந்த ‘காக்கா முட்டை’ இன்னும் நுட்பமாகப் போகிறது. சென்னைக் குடிசைப் பகுதிச் சிறுவர் இருவர், புதிதாகத் திறந்த கடையில் பீட்சா தின்ன ஆசைப்படுகிறார்கள். காசு சேர்த்துப் போனால் வாசலிலேயே அடித்துத் துரத்துகிறார்கள். கடைசியில் அந்தக் கடையே அவர்களை மரியாதையோடு அழைத்து உட்கார வைத்துப் பரிமாறுகிறது. ஒரு வாய் கடித்துப் பார்க்கிறார்கள். நன்றாகவே இல்லை, ஆயா சுட்டுத் தந்ததே இதைவிட மேல் என்று முடிவுக்கு வருகிறார்கள். அந்த இடத்தில் திரையரங்கு சிரித்தது. ஆனால் சிரிப்புக்கு அடியில் நடந்தது வேறு. படம் முழுக்கச் சிறுவர்களோடு சேர்ந்து நாமும் பீட்சாவுக்கு ஆசைப்பட்டோம்; ஆசை என்ற வகையில் அது தாலபுடன் வலைதான். ஒரே கடியில் அந்த ஆசை கழன்று விழுகிறது. மிஞ்சியது, இரண்டு பிள்ளைகள் தங்களிடம் ஏற்கெனவே இருந்ததைக் கண்டுகொண்ட நிறைவு. அதில் நமக்கு ஒரு பங்கும் இல்லை. அந்த ஆயாவின் கைப்பக்குவத்தை நாம் ருசித்ததே இல்லை. இருந்தும் நம் மனம் நிறைகிறது. ஆசை இறங்கியபின் எஞ்சும் மகிழ்ச்சியைப் புத்தரே குறை சொல்லியிருக்க மாட்டார்.

இதெல்லாம் சில நிமிடங்களில் கரைந்துவிடுகிறதே, நிலைக்காத மகிழ்ச்சி எப்படி உண்மையாகும் என்று கேட்பவர்கள் உண்டு. உபநிடதத்தில், உயிர்கள் எல்லாம் பேரானந்தத்தின் ஒரு துளியை உண்டே வாழ்கின்றன என்று யாக்ஞவல்கியர் ஜனகருக்குச் சொல்கிறார். துளி சிறியது என்பதால் அது கடல்நீர் இல்லை என்று ஆகிவிடாது. குடை சாய்வதும் சில நொடிதான். அளவைப் பார்த்து உண்மையைத் தீர்மானிக்கக் கூடாது; அது எங்கிருந்து வருகிறது, நம்மை எந்தப் பக்கம் திருப்பிவிட்டுப் போகிறது என்பதைப் பார்க்க வேண்டும். திரையரங்கை விட்டு வரும்போது எனக்கு இது வேண்டும் என்று மனம் அரிக்கிறதா, அவர்களுக்கு அது கிடைத்ததே என்று குளிர்கிறதா? ஒவ்வொருவரும் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளக் கூடிய கேள்வி இது. விமர்சகர் யாரும் தேவையில்லை.

கடைசியாகத் திரைப்படம் எடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். தமிழ் சினிமாவின் திருமணக் காட்சி எதை எடுத்தாலும் அதில் காஞ்சிப் பட்டு இருக்கிறது, தறி இல்லை. பட்டு நெய்தவனைத் தேடிப்போன படம் அவன் மகளின் சேலையைப் பாதியில் நிறுத்தியது. அந்தக் கதைக்கு அது நியாயமான முடிவு; அதை நான் குறை கூறவில்லை. ஆனால் அது 1940-களின் கதை. இன்று காஞ்சியின் பிள்ளையார்பாளையத்தில் தறியின் எதிர்ப்பக்கம் அமர்ந்து கரை நாடாவைத் தள்ளும் பெண் ஒருத்தி, தன் கையால் கோர்வை போட்ட சேலையை உடுத்தி மணவறையில் உட்காரும் காட்சியை யாராவது எடுங்கள். நூலுக்குத் திருட வேண்டாம், யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டாம்; நியாயமான கூலியில் நெய்த சேலை. முந்தியிலிருந்து கரைவரை முழுதாகக் காட்டுங்கள். தலைமுதல் கால்வரை அது அவளை மூடட்டும். அதைக் காண நாங்கள் காசு கொடுத்து வருகிறோம்.